யுத்தம் தொடங்கிய தேதி எது?

பாகிஸ்தானில் ஆண்டுதோறும் செப்டம்பர் 6ஆம் தேதி பாதுகாப்பு தினம் அனுஷ்டிக்கப்படுகிறது. 1965இல் அந்தத் தேதியில் இந்தியத் துருப்புகள் சர்வதேச எல்லையைத் தாண்டி லாகூர் திசையில் முன்னேறின. யுத்தம் அன்றுதான் தொடங்கியது, தொடங்கியது இந்தியாதான் என்பது அங்கே பள்ளிக்கூடப் பிள்ளைகளும் ஒப்பிக்கும் பாடம்.

இந்தியாவில் அதே யுத்தத்துக்கு வேறு தேதி. 1965 ஆகஸ்ட் 5. சீருடை அணியாத ஆயுதபாணிகள் காஷ்மீரில் போர்நிறுத்தக் கோட்டைக் கடந்து ஊடுருவத் தொடங்கிய நாள் அது. பிறகு செப்டம்பர் 1ஆம் தேதி பாகிஸ்தான் டாங்கிகள் சாம்ப் பகுதியில் புகுந்தன. லாகூர் திசையில் இந்தியா அடி எடுத்து வைத்தது அதற்கும் 5 நாள் கழித்துத்தான். இந்தக் கணக்குக்கு மூன்றாம் மனிதர் சாட்சியமும் உண்டு. ஐ.நா. ராணுவப் பார்வையாளர்களின் தலைவர் ஜெனரல் நிம்மோ தந்த தகவலை ஆதாரமாகக் கொண்டு, ஆகஸ்ட் 5 முதல் நடந்த மீறல்களில் பெரும் பகுதி பாகிஸ்தான் பக்கத்திலிருந்து ஆயுதம் தாங்கியவர்கள் கோட்டைக் கடந்து வந்ததுதான் என்று பொதுச் செயலாளர் ஊ தாண்ட் பாதுகாப்பு சபைக்குத் தெரிவித்தார்.

பாகிஸ்தானும் சளைக்கவில்லை. காஷ்மீரில் இருப்பது வெறும் போர்நிறுத்தக் கோடு, லாகூருக்கு முன்னால் இருப்பதோ சர்வதேச எல்லை, இரண்டையும் ஒரே தராசில் வைக்கலாமா என்பது அந்நாட்டின் வாதம். இரண்டு தேதிகளுக்கும் நடுவே ஒரு மாதம்தான் இடைவெளி. அந்த ஒரு மாதத்தைச் சேர்த்தால் ஒரு நாடு குற்றவாளி. கழித்தால் இன்னொரு நாடு குற்றவாளி.

1971 யுத்தத்திலும் இதே கதைதான். டிசம்பர் 3ஆம் தேதி மாலை பாகிஸ்தான் விமானங்கள் அமிர்தசரஸ், பதான்கோட், ஸ்ரீநகர் முதலிய விமானதளங்களின்மீது குண்டு வீசியதில் யுத்தம் தொடங்கியதாக இந்தியாவின் கணக்கு. அன்று கல்கத்தாவில் இருந்த பிரதமர் இந்திரா காந்தி டில்லிக்குத் திரும்பி, நள்ளிரவுக்குப் பின் ரேடியோவில் நாட்டு மக்களுக்கு அதை அறிவித்தார். ஆனால் நவம்பர் 22ஆம் தேதியே கிழக்கு எல்லையில் போய்ரா என்ற இடத்தில் இந்திய நாட் விமானங்கள் பாகிஸ்தானின் சேபர் விமானங்களைச் சுட்டு வீழ்த்தியிருந்தன. மறுநாளே பாகிஸ்தான் நெருக்கடி நிலையைப் பிரகடனம் செய்துவிட்டது. ஆகவே பாகிஸ்தான் கணக்கில் யுத்தம் நவம்பரில் பிறந்தது. வங்கதேசத்தைக் கேட்டால் இருவர் கணக்கும் தப்பு, மார்ச் 26ஆம் தேதி முதலே தங்கள் யுத்தம் நடந்துவருகிறது என்பார்கள். லட்சக்கணக்கான அகதிகள் டிசம்பருக்கு வெகு முன்பே எல்லை கடந்து வந்திருந்ததைப் பார்த்தால் அதை மறுப்பதற்கில்லை.

ஆபீஸ் உத்தியோகத்தில் இருப்பவர்களுக்கு இது புதிய விஷயம் அல்ல. சர்வீஸ் ரிஜிஸ்டரில் வேலைக்குச் சேர்ந்த தேதி ஒரு நாள் முன்பின் ஆனால் சீனியாரிட்டியே மாறிவிடும். பென்ஷன் மாறிவிடும். தேசங்களின் ரிஜிஸ்டரும் ஏறக்குறைய அப்படித்தான். யுத்தம் தொடங்கிய தேதியை யாரோ ஒருவர் ஒரு காரியத்துக்காக எழுதுகிறார். அந்தத் தேதியால் யாருக்கு வரவு, யாருக்குச் செலவு என்று பார்த்தால் விவகாரம் புரிந்துவிடும்.

டான்சிக் துறைமுகத்தில்

இரண்டாவது உலக யுத்தம் 1939 செப்டம்பர் 1ஆம் தேதி தொடங்கியது என்பதில் சந்தேகமே இல்லை என்று பலர் நினைப்பார்கள். அன்று விடியற்காலை டான்சிக் துறைமுகத்தில், நல்லெண்ண விஜயம் என்ற பெயரில் வந்து நின்றிருந்த ஷ்லெஸ்விக் ஹோல்ஸ்டைன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் வெஸ்டர்பிளாட்டெ என்ற போலந்து ராணுவ முனையின்மீது பீரங்கிப் பிரயோகம் செய்தது. மணி ஏறக்குறைய 4-45.

அன்றே ஹிட்லர் ஜெர்மன் பார்லிமெண்டில் பேசினார். 5-45 முதல் நாம் திருப்பிச் சுட்டுவருகிறோம் என்றார். மணியிலேயே ஒரு மணி நேரம் தப்பு. ஆனால் அந்த வாக்கியத்தில் முக்கியமான சொல் மணி அல்ல, ‘திருப்பி’ என்பதுதான். போலந்து முதலில் சுட்டது, ஜெர்மனி பதில் கொடுக்கிறது என்று காட்டியாக வேண்டும். அதற்காக முந்தின நாள் இரவே நாடகம் ஒன்று நடத்தப்பட்டிருந்தது. எல்லையோரத்தில் கிளைவிட்ஸ் என்ற ஊரில் இருந்த ஜெர்மன் ரேடியோ நிலையத்துக்குள் நாஜி ரகசியப் படையினர் போலந்துக்காரர்கள் போல வேஷம் போட்டுப் புகுந்தார்கள். போலிஷ் மொழியில் சில வார்த்தைகள் ஒலிபரப்பினார்கள். தாக்குதலுக்கு அத்தாட்சியாக ஒரு பிணம் வேண்டுமே! முந்தின நாள் கைது செய்யப்பட்டிருந்த ஹோனியோக் என்ற உள்ளூர்க்காரருக்கு மயக்க மருந்து கொடுத்துத் தூக்கிவந்து அங்கே போட்டார்கள். அவர் சுடப்பட்டு இறந்தார். உலக யுத்தத்தின் முதல் பலி அவர்தான் என்று சொல்கிறவர்கள் உண்டு. அப்படியானால் யுத்தம் தொடங்கியது ஆகஸ்ட் 31 இரவு.

அதற்கும் முன்னே ஒன்று இருக்கிறது. போலந்தின்மீது பாய ஹிட்லர் முதலில் குறித்த நாள் ஆகஸ்ட் 26. பிரிட்டனும் போலந்தும் 25ஆம் தேதி உடன்படிக்கை செய்துகொண்டன. முசோலினியும் தன்னால் இப்போது முடியாது என்று கையை விரித்தார். உடனே தாக்குதல் தள்ளிவைக்கப்பட்டது. தள்ளிவைத்த உத்தரவு எல்லாருக்கும் போய்ச் சேர்ந்தது, ஒரு சிறு பிரிவைத் தவிர. அவர்கள் 26ஆம் தேதி அதிகாலை யாப்லுன்கோவ் கணவாயில் இறங்கி, அங்கிருந்த ரயில்வே ஸ்டேஷனைப் பிடித்துவிட்டார்கள். கூடவே வரவேண்டிய பட்டாளத்தைக் காணோம்! பிறகு விஷயம் தெரிந்து சண்டையிட்டபடியே பின்வாங்கினார்கள். யாரோ ஒரு புத்தி சரியில்லாதவன் செய்த காரியம் என்று ஜெர்மன் தரப்பில் சமாதானம் சொல்லப்பட்டது. தந்தி தாமதமானதால் 6 நாள் முன்னதாக உலக யுத்தம் செய்து முடித்து வீடு திரும்பிய கூட்டம் அது ஒன்றுதான்.

இவ்வளவும் நடப்பதற்கு ஆறு ஆண்டுகள் முன்பு, 1933இல், ஆங்கில எழுத்தாளர் எச்.ஜி. வெல்ஸ் வருங்கால உலகச் சரித்திரம் என்ற பாவனையில் ஒரு பெரிய விஞ்ஞானக் கற்பனை நூலை வெளியிட்டிருந்தார். அதில் அடுத்த உலக யுத்தம் தொடங்கும் இடம் டான்சிக். தொடங்கும் காலம் 1940 ஜனவரி. இடம் சரி, காலம் நான்கே மாதம் பிசகியது. பஞ்சாங்கம் கணிப்பவர்களும் பொறாமைப்படக்கூடிய கணிப்பு இது. ஆனால் வெல்ஸின் கதையில் யுத்தம் எப்படி மூள்கிறது தெரியுமா? டான்சிக் ரயில் நிலையத்தில், வண்டிக்குள் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் போலந்து வியாபாரப் பிரதிநிதி ஒருவருக்குச் சரியாகப் பொருந்தாத பொய்ப்பல் செட். அதில் ஏதோ மாட்டிக்கொள்கிறது. அதை எடுக்க அவர் முகத்தை அஷ்டகோணலாக்குகிறார். வெளியே நின்ற நாஜி இளைஞன் தன்னைப் பழித்துக்காட்டுவதாக எண்ணிப் பாய்கிறான். துப்பாக்கி வெடிக்கிறது.

சிரிப்பு வரும். ஆயினும், நாடகம் நடத்தி யுத்தம் தொடங்குவதைவிட வெல்ஸ் சொன்ன காரணம் ஒன்றும் நம்ப முடியாததல்ல. 1914 யுத்தத்தையே எடுத்துக்கொண்டால், ஜூன் 28 செரயேவோ கொலையா, ஜூலை 28 ஆஸ்திரியாவின் பிரகடனமா, ஆகஸ்ட் 1 ஜெர்மனி ரஷ்யாவின்மீது செய்த பிரகடனமா, எது ஆரம்பம் என்ற வாதம் நூறு ஆண்டுக்குப் பிறகும் ஓயவில்லை. சென்னைவாசிகளைக் கேட்டிருந்தால் செப்டம்பர் 22 இரவு, எம்டன் கப்பல் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்தியபோதுதான் என்றிருப்பார்கள்.

தள்ளிப்போகும் தேதிகள்

விஞ்ஞானக் கதைக்காரர்களுக்கு ஒரு சௌகரியம் உண்டு. யாருக்கும் அஞ்சாமல் தேதி குறிக்கலாம். அசௌகரியம் என்னவென்றால், அந்தத் தேதி ஒருநாள் வந்தே தீரும். 1991இல் வந்த டெர்மினேட்டர் இரண்டாம் படத்தில், யந்திர மூளை மனிதர்களின்மேல் அணுகுண்டு யுத்தம் தொடங்கும் நாள் 1997 ஆகஸ்ட் 29 என்று அழுத்தமாகச் சொல்லப்பட்டது. சோவியத் யூனியன் தன் முதல் அணுகுண்டை வெடித்துப் பார்த்ததும் ஒரு ஆகஸ்ட் 29ஆம் தேதியில்தான், 1949இல். அந்த 1997 ஆகஸ்ட் 29 வந்தது, போனது. ஆபீஸ்களில் வழக்கம்போல் மாலை டீ கொடுக்கப்பட்டது. 2003இல் வந்த மூன்றாம் படத்தில் யுத்தத்தை 2004க்குத் தள்ளிவைத்தார்கள். பிறகு வந்த டெலிவிஷன் தொடர் 2011க்குத் தள்ளியது.

ஸ்டார் டிரெக் தொடரிலும் இந்தச் சங்கடம் உண்டு. 1967இல் ஒளிபரப்பான ஒரு கதையில் 1990களில் பயங்கர யுத்தம் நடந்ததாகவும், அதில் கான் நூனியன் சிங் என்ற வட இந்தியர் ஆசியாவையும் மத்தியக் கிழக்கையும் ஆண்டதாகவும் எழுதிவிட்டார்கள். 1990கள் கடந்தன, சிங் வரவில்லை. பிற்காலத் தொடரில் காலப் பயணத்தின் குளறுபடியால் தேதி தள்ளிப்போயிற்று என்று ஒரு சமாதானம் கண்டுபிடித்தார்கள். பொழுதுபோக்குக்காக எழுதுகிறவர்கள் இதைச் செய்தால் யாருக்கும் நஷ்டம் இல்லை. அரசுகளும் இதையே செய்கின்றன என்பதுதான் கவனிக்க வேண்டியது.

2017 தொடக்கத்தில் சீனக் கல்வி அமைச்சகம் பாடப்புத்தகங்களைத் திருத்த உத்தரவிட்டது. ஜப்பானை எதிர்த்து நடந்த ‘8 ஆண்டு யுத்தம்’ என்று இருந்த இடத்திலெல்லாம் ‘14 ஆண்டு யுத்தம்’ என்று மாற்ற வேண்டும். அதுவரை தொடக்கம் 1937 ஜூலை 7, பெய்ஜிங் அருகே மார்கோபோலோ பாலத்தில் நடந்த மோதல். இப்போது அது 1931 செப்டம்பர் 18, ஜப்பானியர் மஞ்சூரியாவைக் கைப்பற்றத் தொடங்கிய நாள். ஒரே சுற்றறிக்கையில் யுத்தம் 6 ஆண்டு நீண்டுவிட்டது. இதற்கு நியாயமே இல்லை என்று சொல்ல முடியாது; மஞ்சூரியா மக்கள் 1931 முதலே ஜப்பானியப் பூட்ஸ் காலின்கீழ் இருந்தார்கள். ஆனால் சேர்க்கப்பட்ட அந்த 6 ஆண்டுகளில் சியாங் கை-ஷேக்கின் அரசு ஜப்பானோடு முழு யுத்தத்தைத் தவிர்த்து, கம்யூனிஸ்டுகளை ஒழிப்பதிலேயே குறியாக இருந்தது. மஞ்சூரியாவில் கொரில்லாப் போர் நடத்தியவர்களில் கம்யூனிஸ்டுகள் முன்னணியில் இருந்தார்கள். புதிய தேதியால் யாருக்கு வரவு என்பதை விளக்க வேண்டியதில்லை.

ஆர்வெல் 1949இல் வெளியிட்ட 1984 என்ற நாவலில் இதன் கடைசிப் படியைக் காணலாம். அங்கே ஓஷியானியா என்ற ராஜ்யம் யுரேஷியாவோடு யுத்தம் செய்கிறது. எப்போதுமே யுரேஷியாவோடுதான் யுத்தம் என்கிறது அரசு. நான்கு ஆண்டுக்கு முன் யுரேஷியா தோழனாகவும் ஈஸ்டேஷியா எதிரியாகவும் இருந்ததே என்று நினைவு வைத்திருக்கிறான் ஒரு குமாஸ்தா. பழைய பத்திரிகைகளைத் திருத்தி எழுதுவதுதான் அவனுடைய உத்தியோகம் என்பதால் அவனுக்கு மட்டும் நினைவிருக்கிறது!

ஒரு யுத்தம், பல பிறந்த நாள்

இந்தியா இரண்டாவது உலக யுத்தத்தில் சேர்ந்த தேதி 1939 செப்டம்பர் 3. யார் சேர்த்தார்கள்? வைசிராய் லின்லித்கோ. மாகாணங்களில் தேர்ந்தெடுக்கப்பட்ட மந்திரிசபைகள் இருந்தன. யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதை எதிர்த்துக் காங்கிரஸ் மந்திரிசபைகள் ராஜிநாமா செய்தன. சென்னையில் ராஜாஜி மந்திரிசபை அக்டோபர் இறுதியில் விலகியது. இந்த நாட்டில் அந்த யுத்தத்தின் முதல் விளைவு குண்டு அல்ல, மந்திரிசபைகள் போனதுதான்.

ரஷ்யர்களுக்கு ‘மகத்தான தேசபக்த யுத்தம்’ 1941 ஜூன் 22ஆம் தேதி, ஜெர்மனி அவர்கள்மீது பாய்ந்தபோது தொடங்குகிறது. அப்படி எழுதினால், 1939 செப்டம்பர் 17ஆம் தேதி செஞ்சேனை போலந்தின் கிழக்குப் பகுதிக்குள் புகுந்தது வேறு கணக்கில் போய்விடும். போலந்துக்காரர்கள் அந்த 17ஆம் தேதியை மறக்க மாட்டார்கள்.

அமெரிக்கர்களுக்கு 1941 டிசம்பர் 7, பேர்ல் ஹார்பர். ஜப்பானில் அதே நாள் டிசம்பர் 8. சர்வதேசத் தேதிக் கோடு நடுவில் இருப்பதால். ஆனால் பசிபிக் யுத்தத்தின் முதல் தாக்குதல் பேர்ல் ஹார்பரில் நடக்கவில்லை. அதற்கு ஒரு மணி நேரத்துக்கும் முன்னாலேயே ஜப்பானியத் துருப்புகள் மலாயாவின் வடகிழக்குக் கரையில் கோத்தா பாருவில் இறங்கிவிட்டன. அந்த நள்ளிரவில் கடற்கரைப் பதுங்கிடங்களில் இருந்து அவர்களை எதிர்த்தவர்கள் இந்திய ராணுவத்தின் டோக்ரா சிப்பாய்கள். உலகம் பேர்ல் ஹார்பரை நினைவு வைத்திருக்கிறது. கோத்தா பாருவை யாருக்கும் தெரியாது. ரப்பர் தோட்டங்களில் பிழைக்கப் போயிருந்த தமிழர்களுக்கு மட்டும் அது நன்றாகத் தெரியும். 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. அதன்பின் சயாம்-பர்மா ரயில் பாதை போட ஆயிரக்கணக்கில் தோட்டத் தமிழர்கள் கொண்டுபோகப்பட்டார்கள், பலர் திரும்பவில்லை. அந்தக் குடும்பங்களில் யுத்தம் என்றால் 1939 அல்ல. ஜப்பான்காரன் வந்த அந்த டிசம்பர்தான்.

பெயரில்லாத யுத்தங்கள்

1904இல் ஜப்பான், பிரகடனம் செய்வதற்கு முன்பாகவே போர்ட் ஆர்தரில் நின்ற ரஷ்யக் கப்பல்களைத் தாக்கியது. இதனால் எழுந்த சர்ச்சைக்குப் பின், முன்னறிவிப்பு இல்லாமல் யுத்தம் தொடங்கக் கூடாது என்று 1907இல் ஹேக் நகரில் உடன்படிக்கை ஏற்பட்டது. அதைச் சட்டப்படி மதிப்பதற்கு எளிய வழி, யுத்தத்தை யுத்தம் என்று சொல்லாமல் இருப்பதுதான் என்று அரசுகள் கண்டுகொண்டன.

1937இல் ஜப்பானும் சீனாவும் லட்சக்கணக்கான துருப்புகளோடு மோதின. இரண்டு நாடுமே யுத்தப் பிரகடனம் செய்யவில்லை. ஜப்பான் அதைச் ‘சம்பவம்’ என்றே அழைத்துவந்தது. காரணம் வீரமும் அல்ல, வெட்கமும் அல்ல, வியாபாரம். யுத்தத்தில் ஈடுபட்ட நாடுகளுக்கு ஆயுதம் விற்கக் கூடாது என்று அமெரிக்காவில் நடுநிலைமைச் சட்டம் இருந்தது. யுத்தம் என்று பெயர் வைத்தால் இருவருக்கும் சரக்கு நின்றுவிடும். சீனா முறையாகப் பிரகடனம் செய்தது 1941 டிசம்பர் 9ஆம் தேதி. அதற்குள் நாலு ஆண்டு சண்டை முடிந்திருந்தது.

1962இல் சீனா இந்தியாவைத் தாக்கியபோதும் பிரகடனம் கிடையாது. ராஜீய உறவும் அடியோடு முறியவில்லை. தொடக்கம் அக்டோபர் 20 என்று சொல்கிறோம். தாக்லா பகுதியில் செப்டம்பரிலேயே சீனத் துருப்புகள் இறங்கியிருந்தன. தொடக்கம் தெளிவில்லாத யுத்தத்துக்கு முடிவும் தெளிவில்லை. அக்டோபர் 26ஆம் தேதி நெருக்கடி நிலை பிரகடனம் செய்யப்பட்டது. நவம்பர் 21ஆம் தேதி சீனா தானாகவே சண்டையை நிறுத்தியது. நெருக்கடி நிலையோ 1968 ஜனவரி 10ஆம் தேதி வரை நீடித்தது. ஒரு மாதச் சண்டைக்காகப் போட்ட பூட்டு ஐந்து ஆண்டுக்கு மேல் தொங்கியது! அந்தக் காலத்தில் இந்தியப் பாதுகாப்பு விதிகளின்கீழ் விசாரணையின்றி உள்ளே போனவர்கள் சீன ஒற்றர்கள் மட்டும் அல்ல. 1965 இந்தி எதிர்ப்புக் கிளர்ச்சியின்போது மு. கருணாநிதி பாளையங்கோட்டைச் சிறையில் வைக்கப்பட்டதும் அந்தச் சட்டத்தின்படிதான்.

பாலிசிப் பணம்

யுத்தம் எந்த நிமிஷத்தில் தொடங்குகிறது என்ற கேள்விக்குக் கோர்ட்டில் பணத்தைக் கட்டி வைத்துப் பதில் தேடியவர்களும் உண்டு.

பேர்ல் ஹார்பரில் 1941 டிசம்பர் 7 காலை இறந்தவர்களில் பலர் ஆயுள் இன்ஷூரன்ஸ் எடுத்திருந்தார்கள். யுத்தத்தில் இறந்தால் பணம் கிடையாது, அல்லது விபத்துக்கான இரட்டைத் தொகை கிடையாது என்பது போன்ற ஷரத்துகள் அந்தப் பாலிசிகளில் இருந்தன. ஆனால் அமெரிக்கக் காங்கிரஸ் யுத்தப் பிரகடனம் செய்தது மறுநாள், டிசம்பர் 8ஆம் தேதி. ஜனாதிபதி ரூஸ்வெல்ட் கையெழுத்திட்டபோது வாஷிங்டனில் மாலை 4 மணி தாண்டிவிட்டது. அப்படியானால் முந்தின நாள் காலையில் குண்டு விழுந்து செத்தவர் யுத்தத்தில் செத்தாரா, விபத்தில் செத்தாரா?

ஐடஹோ மாநிலத்து மாலுமி ஒருவருடைய வழக்கில் அம்மாநில உச்ச நீதிமன்றம் 1944இல் தீர்ப்பளித்தது. பிரகடனம் செய்யும் அதிகாரம் காங்கிரஸுக்கு மட்டுமே உண்டு. அது செய்யாதவரை சட்டத்தின் கண்ணில் யுத்தம் இல்லை. ஆகவே கம்பெனி பணத்தைக் கொடுக்க வேண்டும் என்பது தீர்ப்பின் சாரம். இரண்டு ஆண்டு கழித்து, வெஸ்ட் வர்ஜினியா போர்க்கப்பலின் கேப்டன் பென்னியன் இறந்தது சம்பந்தமான வழக்கில் ஃபெடரல் அப்பீல் கோர்ட் நேர் எதிராகச் சொன்னது. ஒரு தேசம் இன்னொரு தேசத்தைத் தன் முழு பலத்தோடு தாக்குகிறபோதே யுத்தம் பிறந்துவிட்டது. காகிதம் பிறகு வரும் என்றது. கேப்டனின் குடும்பத்துக்கு அந்த இரட்டைத் தொகை இல்லை.

ஒரே காலை நேரம், ஒரே துறைமுகம், ஒரே எதிரி. ஒரு வீட்டுக்குப் பணம் வந்தது, இன்னொரு வீட்டுக்கு வரவில்லை. இந்தத் தகராறுகளுக்குப் பிறகு கம்பெனிகள் உஷாராகிவிட்டன. இந்நாட்டு பாலிசிகளில்கூட விபத்துப் பலனுக்கான விலக்குப் பட்டியலைப் பொடி எழுத்தில் தேடிப் படித்தால், பிரகடனம் செய்யப்பட்டாலும் செய்யப்படாவிட்டாலும் யுத்தம் யுத்தமே என்ற பொருளில் ஒரு வரி இருப்பதைக் காணலாம்.

வியட்நாம் யுத்தத்தை அமெரிக்கா பிரகடனம் செய்யவே இல்லை. 1964 ஆகஸ்டில் டோங்கின் வளைகுடாவில் தன் கப்பல்கள் இருமுறை தாக்கப்பட்டதாகச் சொல்லி ஜனாதிபதி ஜான்சன் காங்கிரஸிடம் அதிகாரம் வாங்கிக்கொண்டார். ஆகஸ்ட் 2ஆம் தேதித் தாக்குதல் உண்மை. ஆகஸ்ட் 4ஆம் தேதி நடந்ததாகச் சொன்ன இரண்டாவது தாக்குதல் நடக்கவே இல்லை என்பது பிற்பாடு அமெரிக்க அரசின் ரகசிய ஆவணங்களாலேயே உறுதியாயிற்று. வியட்நாமில் காயம்பட்டுத் திரும்பிய ஜோ ஹால்டிமன் 1974இல் எழுதிய விஞ்ஞான நாவலில், அயல் கிரகத்தாரோடு ஆயிரம் ஆண்டுக்கு மேல் நடந்த யுத்தம் முடிந்த பிறகு, அவர்கள் முதலில் தாக்கவே இல்லை என்று தெரியவருகிறது. கதை எங்கிருந்து வந்தது என்று ஊகிக்கக் கஷ்டப்பட வேண்டியதில்லை.

வாஷிங்டனில் 1982இல் எழுப்பிய வியட்நாம் நினைவுச் சுவரில் இறந்தவர் பெயர்கள் 1959 முதல் தொடங்குகின்றன. ஆனால் 1956 ஜூனிலேயே அங்கே ஒரு விமானப்படை சார்ஜென்ட், சக வீரர் ஒருவராலேயே சுடப்பட்டு இறந்திருந்தார். யுத்தம் அப்போது தொடங்கவில்லை என்பதால் அவருக்குச் சுவரில் இடம் இல்லை. அவருடைய மகனும் பின்னால் ராணுவத்தில் சேர்ந்து 1965இல் வியட்நாமில் இறந்தான். மகன் பெயர் சுவரில் ஏறியது. குடும்பத்தார் விடாமல் மனுப் போட்டார்கள். கடைசியில் ராணுவ இலாகா யுத்தத்தின் தொடக்கத்தை 1955 நவம்பர் 1ஆம் தேதிக்கு முன்தள்ளியது. 1999இல் தகப்பனார் பெயரும் செதுக்கப்பட்டது. அதே 1955 நவம்பர் 1ஆம் தேதியை, வியட்நாமில் சேவை செய்தவர்களின் சலுகைகளுக்கும் தொடக்கமாக வைத்து அமெரிக்கச் சட்டம் திருத்தப்பட இன்னும் 20 ஆண்டுக்கு மேல் ஆயிற்று.

உக்ரைன் கணக்கு

உக்ரைன் யுத்தம் 2022 பிப்ரவரி 24ஆம் தேதி தொடங்கியது என்று உலகப் பத்திரிகைகள் எழுதுகின்றன. ரஷ்ய அரசு அதற்கு யுத்தம் என்றே பெயர் வைக்கவில்லை. விசேஷ ராணுவ நடவடிக்கை என்றது. வேறு விதமாகப் பேசுகிறவர்களைத் தண்டிக்க மார்ச் முதல் வாரத்திலேயே சட்டம் வந்துவிட்டது.

உக்ரைனின் சட்டப்படி ஆக்கிரமிப்பு தொடங்கிய நாள் 2014 பிப்ரவரி 20. இது உக்ரைன் தானாகக் கிளப்பிய தேதி என்று தள்ளிவிட முடியாதபடி ஒரு சாட்சி இருக்கிறது. கிரைமியாவை மீட்டதற்காக ரஷ்யப் பாதுகாப்பு அமைச்சகம் தன் வீரர்களுக்கு அளித்த பதக்கத்தில் பொறித்திருக்கும் காலம் ‘2014 பிப்ரவரி 20 முதல் மார்ச் 18 வரை’. பிப்ரவரி 20ஆம் தேதி உக்ரைனின் ஜனாதிபதி யானுகோவிச் இன்னும் தலைநகரில் பதவியில்தான் இருந்தார். அவர் ஓடிப்போனதால் ஏற்பட்ட குழப்பத்திலிருந்து கிரைமியா மக்களைக் காப்பாற்றவே வந்தோம் என்பது ரஷ்யாவின் வாதம். பதக்கத்தில் தேதி அடித்தவர் அந்த வாதத்தைப் படிக்கவில்லை போலும்.

இந்தத் தேதித் தகராறு வெறும் பதக்க விவகாரம் அல்ல. 2014 ஜூலை 17ஆம் தேதி, ஆம்ஸ்டர்டாமிலிருந்து கோலாலம்பூர் சென்றுகொண்டிருந்த மலேசிய விமானம் எம்.எச். 17 கிழக்கு உக்ரைன் வானில் ஏவுகணையால் சுட்டு வீழ்த்தப்பட்டது. 298 பேர் இறந்தனர், பெரும்பாலோர் டச்சுக்காரர்கள். அந்த வட்டாரத்தில் அப்போது இருந்தவர்கள் உள்ளூர்ப் பிரிவினைவாதிகள், அது உக்ரைனின் உள்நாட்டுச் சண்டை, தனக்குச் சம்பந்தமில்லை என்றது ரஷ்யா. 2022தான் தொடக்கம் என்றால் இந்த 298 பேரும் எந்தக் கணக்கிலும் வராதவர்கள்.

ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் சாட்சியங்களைப் பார்த்து 2023 ஜனவரியில் ஒரு தேதியைக் குறித்தது. 2014 மே 11. அன்று முதல் பிரிவினைவாதிகள் கையில் இருந்த பகுதிகள் ரஷ்யாவின் கட்டுப்பாட்டில் இருந்தன என்றது. விமானம் விழுந்தது அதற்கு இரண்டு மாதம் கழித்து. 2025 ஜூலை 9ஆம் தேதி அதே நீதிமன்றம், விமானத்தை வீழ்த்தியதற்கு ரஷ்யாவே பொறுப்பு என்று தீர்ப்பளித்தது. தீர்ப்பை ஏற்கப்போவதில்லை என்று மாஸ்கோ தெரிவித்துவிட்டது. அதைக் கேட்க இறந்தவர்களின் உறவினர்கள் சிலர் ஸ்ட்ராஸ்பர்க் நீதிமன்ற அறையில் உட்கார்ந்திருந்தார்கள். விமானம் விழுந்து அப்போது ஏறக்குறைய 11 ஆண்டுகள் ஆகியிருந்தன.